ஓபிஎன்சென்ஸ் என்ற ரூட்டர்-ஃபயர்வால் மென்பொருளில் மூன்று போர்ட்டுகளை ஒரே லேனாக (வீட்டு உள் நெட்வொர்க்காக) ப்ரிட்ஜ் செய்தால், அதாவது ஒன்றாக இணைத்தால், பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. என்ன செய்வது?

உங்களிடம் நான்கு போர்ட் உள்ள மினி பிசி. ஒன்றில் இன்டர்நெட், மற்ற மூன்றும் ஒரே நெட்வொர்க்காக வேண்டும். எனக்கும் அதே அமைப்புதான், முதல் முறை இதேபோல் வெளியே மாட்டிக்கொண்டேன். அடுத்த அறையில் அக்கா ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார், மொத்த வீட்டுக்கும் நெட் போய்விட்டது. அதனால் சொல்கிறேன்: இதில் வரிசைதான் முக்கியம். நீங்கள் எந்த போர்ட் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்களோ, அதையே முதலில் ப்ரிட்ஜில் சேர்த்தால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான்.

தொடங்கும் முன் கான்ஃபிக் பேக்கப்பை லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். ஒரு மானிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் கன்சோல் மெனுவில் 13-ஐ அழுத்திப் பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பலாம்.

சரி, போர்ட்டுகளை ஓபிஎன்சென்ஸ் ஐஜிசி1, ஐஜிசி2 என்பது போன்ற பெயர்களில் காட்டும். இப்போது லேன் ஐஜிசி1-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தொடாதீர்கள். ஐஜிசி2, ஐஜிசி3 இரண்டையும் அசைன் செய்து எனேபிள் செய்யுங்கள், ஐபி எதுவும் கொடுக்க வேண்டாம். ஐபி ப்ரிட்ஜுக்குத்தான், அதன் உறுப்பு போர்ட்டுகளுக்கு இல்லை. பிறகு அந்த இரண்டை மட்டும் வைத்து ப்ரிட்ஜ் உருவாக்குங்கள்.

அடுத்ததுதான் பலரும் தவறவிடும் இடம். ட்யூனபிள்ஸ் (சிஸ்டத்தின் உள் அமைப்புகள்) பக்கத்தில் 'நெட்.லிங்க்.ப்ரிட்ஜ்.பிஃபில்_மெம்பர்' என்பதை 0 ஆகவும், 'நெட்.லிங்க்.ப்ரிட்ஜ்.பிஃபில்_ப்ரிட்ஜ்' என்பதை 1 ஆகவும் மாற்றுங்கள். இல்லையென்றால் ஃபயர்வால் ஒவ்வொரு உறுப்பு போர்ட்டிலும் தனித்தனியாகச் சோதிக்கும். புது போர்ட்டுகளில் விதியே இல்லாததால் எல்லாவற்றையும் தடுத்துவிடும். கேபிளில் விளக்கு எரியும், ஐபி மட்டும் வராது. நான் அன்று கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மணி நேரம் வீணாக்கியது இதனால்தான்.

அதன் பின் அசைன்மென்ட்ஸ் பக்கத்தில் லேனுக்கு ஐஜிசி1-க்குப் பதிலாக ப்ரிட்ஜ்0 கொடுத்து சேவ் செய்யுங்கள். இணைப்பு அறுந்துவிடும், பயப்பட வேண்டாம். கேபிளை ஐஜிசி2-க்கு மாற்றுங்கள், பழைய முகவரியிலேயே உள்ளே போகலாம். டிஹெச்சிபியும் (கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் சேவை) ஃபயர்வால் விதிகளும் 'லேன்' என்ற பெயரோடு ஒட்டியவை, போர்ட்டோடு இல்லை. அதனால் எல்லாம் அப்படியே இருக்கும். இப்போது ஐஜிசி1 சும்மா கிடக்கிறது, அதையும் அசைன் செய்து ப்ரிட்ஜில் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸ் கணினிகள் இதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து 'பப்ளிக்' ஆக்கிக்கொள்ளலாம், ஏனென்றால் ப்ரிட்ஜுக்கு மேக் முகவரி (நெட்வொர்க் இணைப்பின் அடையாள எண்) வேறு. பிரிண்டர் ஷேரிங் நின்றுபோனால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

ஒரே சுவிட்சுக்கு இரண்டு போர்ட்டிலிருந்தும் கேபிள் இழுக்காதீர்கள். லூப் உருவாகி மொத்த நெட்வொர்க்கும் திணறும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுவிட்சில் பாக்கெட்டைக் கடத்துவதற்கென்றே தனி சிப் இருக்கிறது. ப்ரிட்ஜில் அந்த வேலை முழுக்க சிபியு தலையில் விழுகிறது. ஓபிஎன்சென்ஸுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 2021-இல் வந்த 13-ஆம் பதிப்பில் ப்ரிட்ஜ் வேகம் நன்றாகவே கூடியது, வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். ஆனால் நாஸிலிருந்து (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) நாள் முழுக்கப் பெரிய ஃபைல்களை நகர்த்துபவர் என்றால், ஒரு சாதாரண கிகாபிட் சுவிட்ச் வாங்கி ஐஜிசி1-இல் செருகுவதே நல்லது என்பேன். இதில் ஒரு செட்டிங்கைக்கூடத் தொட வேண்டியதில்லை.

ப்ரிட்ஜ்தான் என்று முடிவு செய்தால், எல்லாம் முடிந்ததும் ஒருமுறை ரீபூட் செய்து, மூன்று போர்ட்டிலும் லேப்டாப்பைச் செருகி ஐபி வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், அந்த போர்ட்டில் எனேபிள் டிக் விழுந்திருக்காது.