ஆழ்ந்த நீலப்பச்சை சிறிய அறையை இருட்டாக்கிவிடுமா?

சிறிய அறைக்கு ஆழ்ந்த நீலப்பச்சை பூசினால் இருண்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விழும் ஒளியில் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடுவதால் அறை மங்குவது உண்மைதான். ஆனால் நான்கு சுவருக்கும் பூசாமல், சன்னலுக்கு எதிரே வெளிச்சம் படும் ஒரு சுவருக்கு மட்டும் பூசினால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. இரண்டடி அட்டையொன்றில் இருமுறை பூசி, காய்ந்தபின் அந்தச் சுவரில் சாய்த்துப் பகலிலும் இரவிலும் பாருங்கள்: பகலில் நீலமாகத் தெரிந்த அதே வண்ணம், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின்கீழ் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும். பளபளப்பான பெயின்ட் பட்டி பார்த்த இடத்தின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் பளபளப்பில்லாத மேட் வகையே என் தேர்வு. அதில் கை உரசிய தடம் வெளிறித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிற பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால், மூன்றாவது பூச்சு பெரும்பாலும் தேவைப்படாது.