இருவர் ஆடும் போர் ஆட்டத்தைத் தனியாக ஆடலாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: முதல் உலகப் போரின் வரலாற்றில் எனக்குப் பல ஆண்டுகளாக ஈடுபாடு உண்டு. அந்தப் போரைப் பலகையில் ஆடிப் பார்க்க விரும்புகிறேன். என்னோடு ஆடக்கூடிய நண்பர் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாள்களில் தனியாகவே ஆட வேண்டும். இணையத்தில் ஒருவர், அந்தப் போரைப் பற்றிய "பாத்ஸ் ஆஃப் குளோரி" என்ற இருவர் ஆட்டம் இனி அச்சில் வராது என்று சொல்லி, தாம் பயன்படுத்திய பெட்டியை 16,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இருவர் ஆடும் ஆட்டத்தை ஒருவரே இரு பக்கமும் இருந்து ஆடுவதில் பொருள் உண்டா? இதை வாங்கலாமா, அல்லது தனியாளுக்கென்றே செய்த ஆட்டத்தை வாங்குவதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: முதலில், அந்தப் பணத்தை இப்போது அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்ட ஆட்டத்தை அமெரிக்காவின் ஜிஎம்டி கேம்ஸ் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. அதன் பிறகு பலமுறை மறு அச்சாகி, 2018இல் மேம்பட்ட பதிப்பாகவும் வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தில் புதிய ஆட்டங்களுக்கும் மறு அச்சுக்கும் முன்பதிவு முறை ஒன்று உண்டு. சுமார் 500 பேர் பெயர் கொடுத்த பிறகே அச்சு வேலையைத் திட்டமிடுவார்கள்; பெட்டிகள் அனுப்பத் தயாராகும் வேளையில்தான் பணம் எடுப்பார்கள். ஆகவே ஓர் ஆட்டம் கடைகளில் ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்றால், அடுத்த அச்சுக்காகக் காத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இந்த இடைவெளியில்தான் மறுவிற்பனையாளர்கள் பிழைக்கிறார்கள். "இனி வராது" என்று யார் சொன்னாலும், பதிப்பாளரின் பட்டியலை நீங்களே திறந்து பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

இனி உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். இருவர் ஆட்டத்தை ஒருவர் ஆடுவது இந்தத் துறையில் புதிதும் அன்று, விந்தையும் அன்று. அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் "டாக்டிக்ஸ்" என்ற ஆட்டத்தை வெளியிட்டதிலிருந்தே, எதிரே ஆள் கிடைக்காதவர்கள் இரு தரப்பையும் தாமே நடத்தி வந்திருக்கிறார்கள். அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனத்தின் "கெட்டிஸ்பர்க்" ஆட்டத்தின் 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் வரைபடத்தின் மீது அறுகோணக் கட்டங்கள் வந்தன. அந்த மரபில் வந்த ஆட்டங்களில் எதுவும் மறைவில் இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் அட்டைச் சில்லு உண்டு. அதன் தாக்கும் வலிமையும் நகரும் தொலைவும் சில்லின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். தாக்குபவரின் வலிமை தற்காப்பவரைப் போல இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று கணக்கிட்டு, பகடை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்க்க வேண்டும். இரு தரப்பும் எல்லாவற்றையும் அறிந்திருப்பதால், நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்து ஆடுவதில் ஆட்டம் எதையும் இழப்பதில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் அந்த வேளையில் எது சிறந்ததோ அதை நேர்மையாகச் செய்தால் போதும்.

ஆகவே பெட்டியின் மீது "1 முதல் 2 பேர்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று தேடுவதைவிட, இந்த ஆட்டத்தில் எது மறைந்திருக்கிறது என்று கேளுங்கள். மரக்கட்டைகளை நிறுத்திவைத்து ஆடும் ஆட்டங்களில், கட்டையின் முகப்பு அதற்குரியவருக்கு மட்டுமே தெரியும். எதிரே வருவது பெரும்படையா வெறும் ஏமாற்றா என்ற அச்சமே அங்கு ஆட்டம். அவை தனியாளுக்கு உதவா. பனிப்போரைப் பற்றிய "ட்வைலைட் ஸ்ட்ரகிள்" (2005) புகழ்பெற்றது. நானும் அதை மிக விரும்புகிறேன். ஆனால் அதில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் ஒரு சீட்டை மறைவாகத் தேர்ந்து ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். எதிரிக்குச் சாதகமான சீட்டு நம் கையில் இருப்பதை முகத்தில் காட்டாமல் ஆட வேண்டும். தனக்குத் தானே முகத்தை மறைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதை நண்பர் வரும் நாளுக்காக மட்டும் வாங்குங்கள்.

அப்படியானால் கையில் சீட்டு மறைந்திருக்கும் எல்லா ஆட்டமும் தனியாளுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் கேட்ட ஆட்டமே அந்த விலக்கு என்பதால் இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். "பாத்ஸ் ஆஃப் குளோரி"யில் நேச நாடுகளுக்கு (பிரான்ஸ், பிரிட்டன், ரஷ்யா முதலியவை) 55, மைய வல்லரசுகளுக்கு (ஜெர்மனி, ஆஸ்திரியா முதலியவை) 55 எனத் தனித்தனிச் சீட்டுக்கட்டுகள் இருக்கின்றன. ஒரு தரப்பின் சீட்டு மறுதரப்பின் கைக்கு ஒருபோதும் போவதில்லை. ஒரு சுற்றில் கையில் ஏழு சீட்டுகள், செய்வதற்கு ஆறு செயல்கள். ஒரு சீட்டைப் படைகளை நகர்த்தவும் தாக்கவும் பயன்படுத்தலாம். தொலைவிலுள்ள போர்முனைக்கு ரயிலில் அனுப்பப் பயன்படுத்தலாம். இழந்த படையை நிரப்பப் பயன்படுத்தலாம். அல்லது அதில் எழுதியுள்ள வரலாற்று நிகழ்வை நடத்தலாம். நான்கில் ஒன்றைத்தான் செய்ய முடியும். நீங்கள் ஜெர்மனியாக இருக்கும்போது உங்களை வதைக்கும் கேள்வி, பிரான்ஸின் கையில் என்ன இருக்கிறது என்பது அன்று. பிரான்ஸின் வெர்டன் கோட்டை நகரைத் தாக்குவதா, ஆஸ்திரியா சரிவதற்குள் அதை நிரப்புவதா என்பதே. அந்தத் திண்டாட்டம் எதிரே ஆள் இல்லாவிட்டாலும் குறைவதில்லை. 1914 முதல் 1918 வரை உண்மையான படைத்தலைமைகளும் அந்தத் திண்டாட்டத்தில்தான் இருந்தன.

இந்த விலக்குக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. போரின் நடுவே வலிமையைக் கூட்டும் சில போர்ச் சீட்டுகள் உண்டு. எதிர்த்தரப்பின் கையில் அப்படி ஒன்று இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அறியாமலே துணிச்சலாகத் தாக்கத் தொடங்கிவிடுவீர்கள். இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளியது. எந்தத் தரப்பின் முறை நடக்கிறதோ அதன் சீட்டுகள் மட்டும் கையில் இருக்கும். மறுதரப்பின் சீட்டுகள் கவிழ்ந்திருக்கும். தாக்குவதென்று முடிவு செய்து படைகளைத் தொட்ட பிறகே கவிழ்ந்ததைத் திருப்பிப் பார்ப்பேன். அதோடு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரு தரப்புக்கும் நியாயமான இரண்டு திட்டங்களைத் தாளில் எழுதி, எதைப் பின்பற்றுவது என்பதைப் பகடைக்கு விட்டுவிடுவேன். "நானே நினைத்தது எனக்கே தெரியுமே" என்ற குறை இதனால் பெருமளவு தீர்கிறது.

தனியாளுக்கென்றே செய்த ஆட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் ஈடுபாடு முதல் உலகப் போரில் இருக்கிறது. நான் நன்கு அறிந்த சிறந்த தனியாள் ஆட்டங்கள் இரண்டாம் உலகப் போரைப் பற்றியவை. ஜான் பட்டர்ஃபீல்டு வடிவமைத்த "டி-டே அட் ஓமஹா பீச்" (2009) அவற்றுள் உயர்ந்தது. ஜெர்மானியக் காவல் நிலைகள் நிறங்களால் பிரிக்கப்பட்டிருக்கும். திறக்கும் சீட்டில் எந்த நிறம் வருகிறதோ அந்த நிலைகள் சுடும். அமெரிக்கப் படையை நீங்கள் கரையேற்ற வேண்டும். இதற்கு மாறாக, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிய "பி-17: குயின் ஆஃப் தி ஸ்கைஸ்" போன்றவற்றில் பெரும்பாலும் பகடை உருட்டி அட்டவணையைப் படிப்பதுதான் வேலை. கதை நன்றாக உருவாகும். முடிவெடுக்க அதிகம் இருக்காது. இன்னொரு வகையில், "காந்தி" (2019) என்ற ஆட்டம் 1917 முதல் 1947 வரையிலான இந்திய விடுதலைப் போராட்டத்தை ஆங்கில அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள் என நான்கு தரப்புகளாகக் காட்டுகிறது. ஆளில்லாத தரப்புகளைச் சீட்டுகளைக் கொண்டு இயக்க "அர்ஜுனா" என்ற முறையும் அதில் உண்டு. ஆனால் மூன்று தரப்புகளுக்காக நீங்களே எழுத்தர் வேலை பார்க்க வேண்டியிருப்பதால், முதல் பெட்டியாக அதை வாங்க வேண்டாம்.

மறுவிற்பனையாளர் விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். இந்த ஆட்டங்களில் ஒரே ஒரு சில்லு குறைந்தாலும் ஒரு படையே காணாமற்போனதாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒருவரிடம் பெட்டியின் மேல்மூடிப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். உள்ளே ஒரு முழுத் தாளின் சில்லுகள் இல்லை; கேட்டபோது, "பயன்படுத்தியது என்று முன்பே சொன்னேனே" என்றார். அன்றிலிருந்து, எல்லாச் சில்லுகளையும் வரிசையாக அடுக்கிய படம், சீட்டுகளை எண்ணி அடுக்கிய படம், எந்த ஆண்டின் பதிப்பு என்பது தெரியும் விதிநூலின் கடைசிப் பக்கம் ஆகிய மூன்றும் வராமல் நான் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. வண்ண நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, "இந்தியப் பதிப்பு" என்று விற்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அது வெறும் திருட்டு நகல்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்துத் தருகிறேன், "பரிசு" என்று எழுதிவிட்டால் வரி வராது என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார். 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருள்களுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு. சுங்கவரி ஆட்டத்தின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மீது கணக்கிடப்படும். இரண்டு கிலோ எடையுள்ள பெட்டிக்கு விமானக் கட்டணமே மிகுதி என்பதால், இது சிறு தொகை அன்று. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்குத் தரச்சான்று வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பெட்டியிலேயே அச்சிட்ட போர் ஆட்டத்தையும் பொம்மையாக எண்ணி நிறுத்திவைத்து, விளக்கம் கேட்டு, வாரக்கணக்கில் அலைக்கழித்ததை நான் அனுபவித்திருக்கிறேன். வரலாறு படிக்கும் ஒருவர் ஒரு வரைபடத்தையும் சில அட்டைகளையும் பெற இத்தனை கடிதம் எழுத வேண்டிய நிலை எனக்குச் சினத்தையே தருகிறது. கூரியர் நிறுவனம் கேட்கும் தொகையைக் கட்டும் முன், சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அரசுக்குப் போன வரி எவ்வளவு, அவர்களுடைய "கையாளும் கட்டணம்" எவ்வளவு என்பது அதில்தான் பிரிந்து தெரியும்.

பணமே செலவழிக்காமல் நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம். விதிநூல் பதிப்பாளரின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. "வாசல்" (Vassal) என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவினால், இந்த ஆட்டத்துக்கான வரைபடமும் சில்லுகளும் சீட்டுகளும் அதில் கிடைக்கும். தனியாக நான்கு சுற்று ஆடிப் பாருங்கள்; பிடிக்கவில்லையென்றால் 16,000 ரூபாய் மிச்சம். பிடித்தால், உங்கள் நண்பரின் வருகைக்காக ஒரு மாதம் காத்திருக்கவும் தேவையில்லை. ஒருவர் தம் முறையை ஆடி, அந்தக் கோப்பை மின்னஞ்சலில் மற்றவருக்கு அனுப்பலாம்.

நண்பர் நேரில் வரும் நாளில் விதிநூலை அவர் கையில் கொடுக்காதீர்கள். முழுப் போரையும் ஆட ஒரு பகல் போதாது. போரின் ஒரு பகுதியை மட்டும் ஆடுவதற்கு விதிநூலில் உள்ள சுருக்கமான வடிவத்தை எடுத்துக்கொண்டு, நீங்கள் ஆடிக்கொண்டே விளக்குங்கள். ஒரே ஒரு விதியை மட்டும் பகடையைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள்: உணவும் வெடிமருந்தும் வந்துசேரும் வழங்கல் பாதை அறுபட்ட நிலையில் சுற்று முடிந்தால், அங்குள்ள பெரும்படை (ஆர்மி) மீண்டும் கட்டியெழுப்ப முடியாதபடி நிரந்தரமாக அழிந்துவிடும். இதை அறியாமல் முதல் ஆட்டத்திலேயே ரஷ்யச் சமவெளியில் இரண்டு படைகளை இழந்தவர் மறுமாதம் வரமாட்டார். மைய வல்லரசுகளை அவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஆடுவது அந்தத் தரப்பு. 1914 ஆகஸ்டில் லீஜ் கோட்டையை வீழ்த்தி பெல்ஜியம் வழியே பிரான்ஸுக்குள் புகுவது என்ற தெளிவான வேலை ஒன்று அவருக்குத் தொடக்கத்திலேயே இருக்கும்.