பழைய வண்டியாக பென்ஸ் ஏ-கிளாஸ் லிமோசின் வாங்கலாமா, பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே வாங்கலாமா?

முதலில் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உட்காரச் சொல்லுங்கள். ஏ-கிளாஸின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,729 மி.மீ.; 2020-ல் இந்தியாவுக்கு வந்த கிரான் கூபேவுக்கு 2,670 மி.மீ. தான். அதோடு அதன் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும்.

அப்புறம் இன்ஜின். ஏ 200 பெட்ரோலில் இருப்பது ரெனோவுடன் சேர்ந்து உருவாக்கிய 1.3 லிட்டர் டர்போ. அதே குடும்பத்து இன்ஜின் இங்கே ரெனோ டஸ்டரிலும் வந்தது. நகரத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அழுத்தி மிதித்தால் சத்தம் உள்ளே கேட்கும், பென்ஸில் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். கிரான் கூபேவின் பெட்ரோல் மாடலான 220ஐ-யில் இருப்பது 2 லிட்டர் இன்ஜின். ஓட்டும் சுகத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

பிஎம்டபிள்யூ என்றால் பின்சக்கர இழுவை (இன்ஜின் பின் சக்கரங்களைச் சுழற்றுவது) என்று நினைப்பவர்கள் கவனியுங்கள்: இரண்டுமே முன்சக்கர இழுவைதான். பின்சக்கர இழுவைதான் வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய 3 சீரிஸைத் தேடுவது நல்லது.

எதை எடுத்தாலும், வாரன்டி நீட்டிப்பு இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.