திருப்பத்தில் மட்டும் அதிரும் பின் அச்சு

கேள்வி: பழையதாக வாங்கிய என் எஸ்.யு.வி.யின் பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசையை அனுப்பும் அமைப்பு) உள்ளது. சென்ற மாதம் கிரவுன் ஆயில் (பின் அச்சின் பற்சக்கரங்களுக்கான ஆயில்) மாற்றினேன். அன்று முதல், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்கிறது. நேர்ச்சாலையில் சத்தமே இல்லை. கிரவுன் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கிரவுனைப் பிரிக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். பேரிங்கோ பல்லோ தேய்ந்திருந்தால் நேர்ச்சாலையிலும் ஊளைச் சத்தம் கேட்கும். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். ஆயில் மாற்றிய அன்றே தொடங்கி, மெதுவான திருப்பத்தில் மட்டும் வருகிற அதிர்வுக்கு, ஊற்றிய ஆயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வகை டிஃபரன்ஷியல் பலவற்றில் கிளட்ச் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலும்போது மற்றதற்கும் விசை கிடைக்கச் செய்பவை இவைதாம். திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், அப்போது இத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். சாதாரண 90 நம்பர் ஆயிலில் அவை சீராக வழுக்காமல், ஒட்டுவதும் விடுவதுமாக இழுபடுவதே நீங்கள் கேட்கும் கடகடப்பு. இதைத் தவிர்க்கத்தான் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்னும் சேர்மம் கலக்கப்படுகிறது.

ஊற்றிய ஆயிலின் டப்பாவைக் கேட்டுப் பாருங்கள். ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரக்குறியீடு மட்டும் இருந்தால் போதாது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு உகந்தது என்றும் அதில் குறித்திருக்க வேண்டும். 75டபிள்யூ-90 போன்ற தடிமன் எண்ணை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்கி வர வேண்டாம். சேர்மம் ஏற்கெனவே கலந்த ஆயிலில் மேலும் ஊற்றினால் பிடிப்பு குறைந்து, அந்த அமைப்பு இருந்தும் பயனில்லாமல் போய்விடும். தட்டுகளுக்குப் பதில் பற்சக்கரங்களால் இயங்கும் டார்சன் வகைக்கு இச்சேர்மம் பொதுவாகத் தேவைப்படாது என்பதால், உங்கள் வண்டியில் இருப்பது எவ்வகை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாற்றும்போது, நிரப்பும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த மூடி கழலாமல், வடித்த அச்சோடு வண்டி நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். புதிய ஆயிலை ஊற்றிய பின், காலியான மைதானத்தில் எட்டு வடிவத்தில் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஓட்டினால் தட்டுகளுக்கிடையே ஆயில் இறங்கும். அதன் பிறகும் அதிர்வு நீடித்தால்தான் தட்டுகளின் தேய்மானத்தைச் சோதிக்க வேண்டும்.

வேளச்சேரிவாசியான உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரின் மிக்ஜாம் வெள்ளம் போல அச்சு மூழ்கும் அளவு நீரில் வண்டி நின்றாலோ, சூடான அச்சோடு நீரில் இறங்கினாலோ, அச்சின் மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் உள்ளே நீர் புகக்கூடும். வடித்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

சோதனைக்காக ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு இன்ஜினை ஓட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். தரையில் இருக்கும் மற்றச் சக்கரத்துக்கும் விசை போகும் என்பதால், வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து கீழே இருப்பவர் மேல் விழக்கூடும்.