தாத்தா வீட்டுக்கு ஏசியா, கூலரா? கோடை விடுமுறைக் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வீட்டைப் பற்றியவை. பிள்ளைகள் லீவுக்குப் போய் இறங்கும் தாத்தா பாட்டி வீடுதான் அது. அங்கே என்ன வாங்கி வைக்கலாம், வாங்கியது பழுதானால் யாரைக் கேட்பது என்று பலரும் எழுதியிருந்தீர்கள். ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அப்பா, அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். லீவுக்குப் போன என் பிள்ளைகள் வெக்கை தாங்காமல் பத்தே நாளில் திரும்பிவிட்டார்கள். ஒரு ஏசி மாட்டிவிடலாமா? அப்பா கரண்ட் பில்லை நினைத்துத் தயங்குகிறார். (வாசகி, கோவை)

பதில்: ஓட்டு வீட்டுக்கு ஏசி வேண்டாம் என்றுதான் சொல்வேன். கரண்ட் பில் அப்புறம். ஓடுகளுக்கு நடுவிலும், சுவரும் கூரையும் சேரும் இடத்திலும் இருக்கிற இடுக்குகள் வழியாகக் குளிர்ந்த காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். அறை எப்போதும் குளிராது, கம்ப்ரஸருக்கும் ஓய்வு கிடைக்காது. தவிர, ஒன்றரை டன் ஏசிக்குத் தனி வயர், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த் எல்லாம் வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த வயரில் அதை மாட்டுவது ஆபத்து. கட்டாயம் ஏசிதான் என்றால், உள்கூரை அடித்த ஒரு சின்ன அறையைத் தேர்ந்தெடுத்து, எலக்ட்ரீஷியனை முதலில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஊருக்கு ஏர் கூலர் நன்றாகவே வேலை செய்யும். அருப்புக்கோட்டை வெயில் வறண்ட வெயில். கூலருக்குள் தண்ணீரில் ஊறியிருக்கும் தடுக்கான பேடில் பட்டு வரும் காற்று அங்கே குளிர்ந்து வரும். அதே கூலரைத் தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வைத்தால் உடம்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பேடில் உள்ள தண்ணீர் அவ்வளவாக ஆவியாவதில்லை. கூலரை ஜன்னலோரம் வைத்து, வெளிக்காற்றை அது இழுக்கும்படி செய்யுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். ஏசி போட்ட மாதிரி எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கூலர் மோசம் என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

வாங்கும்போது நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது அப்பாவின் கைகளை. நாற்பது லிட்டர் தொட்டி என்றால் மூன்று நான்கு குடம் தண்ணீர். லீவு முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு அதைத் தூக்கி ஊற்றப்போவது அவர்தான். குழாயிலிருந்து ஹோஸ் மாட்டி, தண்ணீர் நிறைந்ததும் தானே நின்றுகொள்கிற மிதவை வால்வு உள்ள மாடலாகக் கேளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பேடில் வெள்ளையாகப் படியும், அவ்வப்போது அலச வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதனால் வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, துடைத்துக் காயவிடுவது கட்டாயம்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள ஃபேன் 28 முதல் 35 வாட்டுக்குள் முடித்துவிடும். இரவெல்லாம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் அப்பாவின் பில் கவலை கொஞ்சம் குறையும். ஆனால் சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரோடு அதை இணைக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நீக்கிவிடுங்கள். அப்புறம் எல்லாமே ரிமோட்தான். என் மாமனார் அந்த ரிமோட்டில் ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றி, கட்டில் பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் ஒளித்து வைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஃபேன் வேகத்தைக் குறைக்க முடியாமல் போர்வைக்குள் கிடந்த பிறகு அவரே கண்டுபிடித்த வழி.

கேள்வி: பாட்டி வீட்டில் பத்துப் பேர் கூடியதில் கேஸ் இருபது நாளில் தீர்ந்துவிட்டது. சிலிண்டரே எடை குறைவாக வந்ததோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இறக்கும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். 15.6 கிலோ என்றிருந்தால் 14.2 கிலோ கேஸும் சேர்த்துத் தராசில் 29.8 காட்ட வேண்டும். சீல் பிரிந்திருந்தால் வாங்காதீர்கள்.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கமும் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் பக்கத்தில் இரண்டு எண்களும் இருக்கும். அது அடுத்த சோதனைக்கான கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், இப்படி மூன்று மூன்று மாதம். எண்கள் வருடத்தைக் குறிக்கும். கெடு தாண்டியதை மாற்றித் தரச் சொல்லலாம். பாட்டி வீட்டு ஆரஞ்சு நிற ட்யூபையும் ஒரு பார்வை பாருங்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. கசிவு வாசம் வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

பத்துப் பேர் சமையலுக்கு இருபது நாள் என்பது, உண்மையைச் சொன்னால், நம்பக்கூடிய கணக்குதான். இட்லியும் வெந்நீரும் மட்டுமே எவ்வளவு எடுக்கும்!

கேள்வி: ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு அங்குள்ள கடையில் மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே கருகிய வாசம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் இருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். பில் என் பெயரில் இருக்கிறது, நான் சென்னையில் இருக்கிறேன். என்ன செய்வது? (வாசகி, சென்னை)

பதில்: முதலில் அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள். லேசான வார்னிஷ் வாசமா, புகையோடு கருகிய வாசமா? புது மோட்டார் முதல் சில தடவை சூடாகும்போது வார்னிஷ் வாசம் வருவது வழக்கம், தானே போய்விடும். மிக்ஸி ஓடாமலே நின்றுவிட்டது என்றால் அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அழுத்திப் பாருங்கள். சுமை கூடினால் அது தானே துண்டித்துவிடும்.

அதெல்லாம் இல்லை, பழுதுதான் என்றால் கடைக்காரர் காட்டுகிற அந்த வரி செல்லாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை, இதைவிடப் பெரியது வேண்டும் என்று கேட்பதற்கு இது பொருந்தாது.

பில் உங்கள் பெயரில் இருப்பது ஒரு தடையே அல்ல. பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் சட்டத்தின்படி நுகர்வோர். அம்மாவும் புகார் கொடுக்கலாம், நீங்களும் கொடுக்கலாம். அதுவும் கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என்று ஆகிவிட்ட நம் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

நேராக ஆணையத்துக்குப் போக வேண்டியதில்லை. கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பில் நகலோடு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாதிப் பிரச்சினைகள் அந்த அழைப்பிலேயே முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகாரை இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

சில வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு வாங்கிய கிரைண்டரில் நானே இப்படி மாட்டினேன். அட்டைப்பெட்டியைப் பரணில் போட மனமில்லாமல் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், பில் அதற்குள்ளேயே போய்விட்டது. கடையில் வாங்கியதையே ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பில்லை வாங்கிய கையோடு போனில் படம் எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டுவிடுகிறேன். வெயிலில் எழுத்து மங்கிப்போகிற அந்தப் பளபளப்புத் தாளுக்கு வேறு வழியில்லை.

கேள்வி: பிள்ளைகளுக்கு வாங்கிப் போகும் மாம்பழம் கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், சேலம்)

பதில்: கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு குறிப்பிட்ட அளவு வரை அனுமதிக்கப்பட்டது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழம் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் காம்புப் பக்கம் மணமே இல்லை, உள்ளே கெட்டியாகப் புளிக்கிறது என்றால் சந்தேகப்படலாம். ஆனால் பார்வையை மட்டும் நம்பி உறுதியாகச் சொல்ல முடியாது. சேலத்தில் இருந்துகொண்டு நீங்கள் பழமாக வாங்குவானேன்? முற்றிய காயாக வாங்கிப் போய், பாட்டியிடம் கொடுத்து வைக்கோலில் போடச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் பழுத்துவிடும். தினமும் காலையில் வைக்கோலை விலக்கி முகர்ந்து பார்ப்பதற்கு உங்கள் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

கேள்வி: பேத்திக்கு இந்த லீவில் காதுகுத்து. ஒன்றரை கிராமில் தோடு எடுக்கப் போனால், இதற்கு ஹால்மார்க் வராது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லை அம்மா, அவர்கள் சொல்வது சரிதான். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அதற்கு மேல் போனால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்றால் 22கே916 என்ற தூய்மை அளவு, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாளக் குறியீடான எச்யுஐடி மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. கடையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த ஆறு இலக்கத்தைப் பேரன் போனில் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும்.

சின்னத் தோட்டுக்கு முத்திரை இல்லாததால் பில்தான் உங்களுக்குச் சாட்சி. எத்தனை காரட், தங்கத்தின் எடை எவ்வளவு, கல்லின் எடை எவ்வளவு, சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல் எடையைத் தங்கத்தோடு சேர்த்துவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுப்பீர்கள். உங்கள் பழைய நகையைப் போட்டு எடுப்பதாக இருந்தாலும் தயங்க வேண்டாம், அதில் எச்யுஐடி இல்லை என்பது மாற்றுவதற்குத் தடை அல்ல.

கடையை விட்டு வருவதற்கு முன் திருகைக் கழற்றி, நீங்களே இரண்டு தடவை மாட்டிப் பாருங்கள். மரை வழுக்கினால் அங்கேயே மாற்றிவிடுங்கள். கொல்லைப்புறத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளையின் காதிலிருந்து அந்தத் திருகு விழுந்தால் மண்ணில் தேடி எடுப்பது கஷ்டம்.