துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார்: ஊராட்சித் தலைவர் என்ன செய்யலாம்?

கேள்வி: பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் நான் தலைவர். துணைத் தலைவர் வேறு சமூகம். சில மாதங்களாக எந்தச் செக்கிலும் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறார். டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் பாக்கி. மோட்டாருக்கு காயில் கட்டியவர் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். ஊர் என்னைத்தான் திட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 188(3)-இன்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு ஒதுக்கீடு கிடையாது. தலைவர் நாற்காலி கைவிட்டுப் போனவர்கள் இரண்டாவது கையெழுத்தைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டபோது, 2006 வரை அங்கே முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. ஜெயித்தவரும் உடனே ராஜினாமா செய்துவிடுவார். மேலவளவில் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997-இல் வெட்டியே கொன்றார்கள். இன்று உங்களை நாற்காலியில் உட்கார விட்டிருக்கிறார்கள், வேலை செய்யத்தான் விடவில்லை. தெருவில் தண்ணீர் வராத நாளில் ஓட்டுரிமைக்கு என்ன மதிப்பு என்று மக்கள் கேட்பார்கள். அதனால் இதை உங்கள் சொந்தப் பிரச்சினையாக நினைத்து அடங்கிப் போகாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இரட்டைக் கையெழுத்து என்பது ஊர்ப் பணத்துக்கு ஒரு காவல். ஏதோ ஒரு பில்லில் அவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கலாம். அதை அவர் எழுத்தில் சொல்லட்டும். நிலுவையில் உள்ள ஒவ்வொரு தொகையையும், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி பில் என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பிறகு அந்தப் பட்டியலோடு, “ஆட்சேபணை இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்” என்று துணைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அவர் பதிலே தராவிட்டால் அந்த மௌனமே உங்களுக்குச் சாட்சி.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்று தீர்மானத்தைத் தடுத்தால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊர் நடுவில் மைக்கைப் பிடித்து நிலுவைப் பட்டியலை வாசியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். உங்களைத் திட்டிய ஊருக்கு, பணம் எங்கே நிற்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தாள்களோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் (கிராம ஊராட்சி), மாவட்டத்தில் உதவி இயக்குநரிடமும் (ஊராட்சிகள்), ஆட்சியரிடமும் மனு கொடுங்கள். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். பிரிவு 203-இன் கீழ் அவருக்கு அவசரகால அதிகாரம் உண்டு. இங்கேதான் மிகக் கவனம் வேண்டும். “எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை” என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். சண்டை என்று ஃபைல் போனால், இருவர் கையெழுத்து அதிகாரத்தையும் எடுத்து அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அப்புறம் நீங்கள் பெயருக்குத்தான் தலைவர். “துணைத் தலைவரின் கையெழுத்து அதிகாரத்தை மட்டும் வேறொரு வார்டு உறுப்பினருக்கு மாற்றித் தாருங்கள், என் அதிகாரம் தொடர வேண்டும்” என்று நேரடியாகக் கேளுங்கள். குடிநீர், துப்புரவு, சம்பளம் நிற்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். 203-க்கு அவசரம்தான் அடிப்படை.

துணைத் தலைவர் ஊரில் இல்லாதபோது, ஊராட்சி அதிகாரமளித்த இன்னோர் உறுப்பினர் கையெழுத்துப் போட 188(3) இடம் தருகிறது. அவர் ஊரிலேயே இருந்துகொண்டு மறுக்கும்போது அந்த வழியில் நீங்களாகப் பணம் எடுக்காதீர்கள். தணிக்கையில் மாட்டுவது நீங்கள்தான். அதே காரணத்துக்காக, வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்க வேண்டாம், வீட்டுக்காரரிடம்கூட.

அடுத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 3(1)(m) என்ற பிரிவு இருக்கிறது. பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம். தடுப்பவர் பட்டியலினம், பழங்குடியினம் அல்லாதவராக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடவில்லை என்பதை மட்டும் வைத்து வழக்கை நிரூபிப்பது கடினம். ஆனால் சாதி சொல்லிப் பேசியது, அலுவலகத்தைப் பூட்டியது, கூட்டத்தில் தரையில் உட்காரச் சொன்னது மாதிரி எது நடந்தாலும் தேதி, நேரம், அங்கே இருந்தவர் பெயரோடு அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை; டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும்.

ஆட்சியரிடமும் வேலை நடக்கவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். தீர்மான நகல், கடித நகல், ஒப்புகை, மனு ரசீது நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.