தொய்வும் இல்லை, சயரோகமும் இல்லை என்றால்? நுரையீரல் கேள்வி பதில்

நான் நெஞ்சு நோய்களைப் பார்க்கும் வைத்தியர். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயர் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். இதை வாசித்துவிட்டு ஒருவரும் மருந்தை நிறுத்த வேண்டாம்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 63 வயது. ஒரு வருடமாக வறட்டு இருமல். கிணற்றடிக்குப் போய் வந்தாலே இளைக்கிறது. தொய்வு என்று பம்ப் தந்தார்கள், குணமில்லை. இப்போது ஸ்கானில் நுரையீரலில் தழும்பு, தேன்கூடு போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு மருந்தே இல்லையா?

தொய்வு, அதாவது ஆஸ்துமா, ஏறி இறங்கும். இரவில் கூடும், பகலில் குறையும், பம்ப் அடித்தால் இலேசாகும். அம்மாவுக்கு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறதென்றால் அது வேறு கதை. தொய்வில் சுருங்குவது காற்றுக் குழாய். இங்கே காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய சுவர் தடித்துப்போகிறது. முதுகின் கீழ்ப்பக்கம் குழாய் வைத்துக் கேட்டால், சப்பாத்தின் வெல்குரோப் பட்டியை இழுத்துப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். விரல் நுனிகள் உருண்டு தடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தழும்பு என்பது நோயின் பெயரல்ல. அதற்குக் காரணங்கள் பல. ஆகவே ஸ்கானைக் கையில் எடுக்க முதல் நான் கேட்பது வீட்டு விசயங்களை. புறா, கிளி வளர்த்தீர்களா? பூஞ்சணம் பிடித்த வைக்கோல், நெல் மூட்டையோடு புழங்கினீர்களா? மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், இதயத் துடிப்புக்கு அமியோடரோன், சலக்கிருமிக்கு மாதக்கணக்கில் நைட்ரோபியூரன்டோயின், இவற்றில் ஏதாவது எடுத்தாரா? காலையில் விரல் விறைக்கிறதா, கண்ணும் வாயும் வறள்கிறதா? புறாதான் காரணமென்று தெரிந்தால் புறாவை வீட்டைவிட்டு அனுப்புவதே முதல் வைத்தியம். இதைச் சொன்னால் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், கூட்டுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு வருவார்கள்.

பிறகு ஊதிப் பார்க்கும் பரிசோதனை, ஆறு நிமிட நடை, மூட்டுவாதம் தொடர்பான இரத்தப் பரிசோதனைகள். தேன்கூடு இரண்டு பக்கமும் அடியில், ஓரமாக இருந்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால், சதை எடுத்துப் பார்க்காமலேயே 'இடியோபதிக் பல்மனரி பைப்ரோசிஸ்' (காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய்) என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இதற்கு பிர்பெனிடோன், நின்டெடானிப் என்று இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் 2014 இல் அனுமதி பெற்றன. இருக்கிற தழும்பை இவை அழிக்காது; மேலும் பரவுவதை மெதுவாக்கும். பிர்பெனிடோனைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். எடுப்பவர்களுக்கு வெயில் பட்டால் தோல் எரியும்; எங்கள் சித்திரை வெயிலில் குடையும் நீளக் கைச்சட்டையும் இல்லாமல் வெளியே போகக்கூடாது. ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் தவறாமல் செய்ய வேண்டும்.

இன்னுமொன்று. முன்பு இந்த நோய்க்கு ஸ்டீரொய்டையும் அசதையோபிரினையும் சேர்த்துக் கொடுப்போம். 2012 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இவ்விரண்டோடு அசெட்டைல்சிஸ்டீனும் சேர்ந்த கூட்டு மருந்து எடுத்தவர்களிடையே மரணங்கள் கூடியிருந்தன. ஆனால் புறாவாலோ மூட்டுவாதத்தாலோ வந்த தழும்புக்கு ஸ்டீரொய்ட் பலன் தரலாம். ஒரே ஸ்கான், எதிரெதிர் வைத்தியம். பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்க இவ்வளவு மினக்கெடுவது அதற்காகத்தான்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்: அப்பா நெல் விவசாயி, சீனி வருத்தம் உள்ளவர். மழைக்குப் பிறகு காய்ச்சல், இருமல், நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல். சளியில் கிருமி இல்லை. ஆனாலும் சயரோக மருந்து தொடங்கி ஒரு மாதமாகிறது. காய்ச்சல் விடவில்லை, மெலிந்துகொண்டே போகிறார்.

சளியில் கிருமி காணாத சயரோகமும் உண்டு. சளியில் சயரோகக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை செய்யவில்லையென்றால் கேளுங்கள்; மருந்துக்குக் கிருமி எதிர்ப்புக் காட்டுகிறதா என்பதையும் அது சொல்லும். ஆனால் சீனி, வயல் சேறு, மழை மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா. காற்பித்த வெடிப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். இலங்கையில் பல மாவட்டங்களில் கண்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் சயரோகத்தைப் போலவே தெரியும். இரத்தம், சளி, சிறுநீர் மூன்றையும் வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். முக்கியமாக, இந்தச் சந்தேகத்தை ஆய்வுகூடத்துக்கான துண்டில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஏதோ கலப்புக் கிருமி என்று ஒதுக்கிவிடக்கூடும். ஈரல், மண்ணீரலில் சீழ்க்கட்டி உண்டா என்று வயிற்று ஸ்கானும் தேவை. வைத்தியம் செவ்டசிடிம் அல்லது மெரோபெனெம், ஆகக் குறைந்தது 10 நாளாவது ஊசியாக. பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தினால் திரும்பி வரும். நாளைக்கே அழைத்துப் போங்கள், கிளினிக் திகதி வரும்வரை பொறுக்க வேண்டாம்.

இணுவில் வாசகி: தம்பிக்கு 34 வயது. நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது. சயரோகமோ சார்கோய்டோசிஸோ என்கிறார்கள். குழாய் விட்டு ஊசியால் சதை எடுக்கப் பயமாக இருக்கிறது. அப்படியே மருந்து தொடங்கக்கூடாதா?

கூடாது. சார்கோய்டோசிஸ் என்பது நெறிகளிலும் நுரையீரலிலும் சிறு சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய், தொற்று நோயல்ல. அதற்குக் கொடுக்கும் ஸ்டீரொய்ட் சயரோகத்தைக் கிளப்பிவிடும். லிம்போமா என்ற புற்றுநோயும் இதே இடத்தில் இப்படித்தான் தெரியும். ஊசியால் சதை எடுப்பது பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரக்கூடிய பரிசோதனை. சார்கோய்டோசிஸ் என்றே வந்தால் பயப்படாதீர்கள், பலருக்கு மருந்தில்லாமலே மாறும். கண்ணையும் ஈசிஜியையும் கல்சியத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறை, 58 வயது: 20 வருடத்துக்கு முன் சயரோகம் வந்து முழுதாக மருந்து எடுத்தேன். இப்போது சளியோடு இரத்தம். திரும்ப வந்துவிட்டதா?

வந்திருக்கலாம், அதனால் சளிப் பரிசோதனை கட்டாயம். செஸ்ட் கிளினிக்கில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் பழைய நோய் விட்டுப்போன குழியில் பூஞ்சணம் உருண்டையாக வளர்ந்தும் இரத்தம் வரும். குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோயிருந்தாலும் வரும். இவற்றுக்குச் சயரோக மருந்து உதவாது. ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. போகும்வரை, எந்தப் பக்கம் பழுதென்று தெரிந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சரிந்து படுங்கள். நல்ல பக்கத்துக்குள் இரத்தம் இறங்காமல் இருக்கும்.

நெடுந்தீவு: மாமி ஒரு சுருட்டும் பிடித்ததில்லை. அவவுக்கு சிஓபிடி (காற்றுக் குழாய்கள் நாட்பட்டு ஒடுங்கிப்போகும் நோய்) என்கிறார்கள். எப்படி?

பனையோலையும் விறகும் எரித்து, புகைபோக்கி இல்லாத குசினியில் 40 வருடம் சமைத்தால் வரும். ஊதிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அடுப்பை வெளித்தாழ்வாரத்துக்கு மாற்றுவதும் வைத்தியம்தான்.

பலர் கேட்டது: தயிர், வாழைப்பழம் சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள்.

கொக்குவில்: அப்பாவின் ஸ்கானைப் படமெடுத்து வைபரில் அனுப்பட்டா?

யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தில் எனக்குத் தெரிவது உங்கள் வீட்டு மாமரம்தான். ஸ்கான் எடுத்த இடத்தில் சீடி கேட்டு வாங்குங்கள், அதில்தான் எல்லாத் துண்டுப் படங்களும் இருக்கும். கிளினிக்குக்கு வரும்போது அதோடு பழைய எக்ஸ்ரேக்களும் வேண்டும், பத்து வருடப் பழசென்றாலும் எறிய வேண்டாம். அன்றைக்கும் அதே நிழல் அங்கே இருந்ததென்றால், அப்பாவுக்குப் பாதிப் பரிசோதனைகள் தேவைப்படாமலே போகலாம்.